நூறாண்டு கண்ட யோக ஆசான் கிருஷ்ணமாசார்யர்

இந்த இதழுக்கு ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் டாக்டர் இல்லை. யோகாசனம் சொல்லிக் கொடுக்கிற டீச்சரும் இல்லை. கல்யாணமாகி 1979-ல் மாதுங்காவுக்கு வந்து, பதினைந்து வருஷம் அங்கேயும் அதற்குப் பிறகு செம்பூரிலும் குடித்தனம் நடத்திய சாதாரண இல்லத்தரசி. எனக்கு உபதேசம் செய்யத் தெரியாது. ஆகவே ஒரு பெரியவருடைய சரித்திரத்தைச் சொல்கிறேன். அதோடு, அந்தச் சரித்திரம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதைச் சொல்ல கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது.

அம்மா விழுந்த நாள்

என் மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். 2012-ம் வருஷம் ஆடி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலை, குளியலறையில் சறுக்கி விழுந்துவிட்டார். அப்போது அவருக்கு 79 வயது. இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பு முறிந்திருந்தது. இரண்டாம் நாளே ஆபரேஷன் நடந்தது, நன்றாகவும் முடிந்தது. அடுத்த நாளே பிசியோதெரபி செய்கிற பெண் வந்து அம்மாவை எழுப்பி உட்கார வைத்தாள். அகத்துக்குப் போன பிறகு படுத்தபடியே செய்ய வேண்டிய நாலைந்து பயிற்சிகளையும், வாக்கர் பிடித்து நடக்க வேண்டிய முறையையும் காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் காகிதத்தை நான் பூஜை அலமாரிக்குள் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக வைத்ததோடு சரி. அம்மா வலிக்கிறது என்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். சாப்பாடு, காபி, தீர்த்தம் எல்லாம் படுக்கைக்கே வந்தது. எதற்கும் அவரை எழுந்திருக்க விடவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும், இப்படி ஒரு மாட்டுப்பெண் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டு மாதத்தில் கால்கள் குச்சி மாதிரி ஆகிவிட்டன. அப்புறம் நிற்க வைத்தாலும் நிற்க முடியவில்லை. முதுகில் புண் வந்தது. மார்கழியில் சளி கட்டியது. தை பிறந்த சில நாட்களில் அம்மா போய்விட்டார். ஆபரேஷன் செய்த எலும்பு நன்றாகத்தான் சேர்ந்திருந்தது. அம்மாவைக் கொண்டுபோனது எலும்பு முறிவு இல்லை, அந்தப் படுக்கைதான். அதில் அவரை அன்போடு படுக்க வைத்தது நான்.

இரண்டு வருஷம் கழித்து, சென்னையில் என் அண்ணா அகத்துக்குப் போயிருந்தபோது, மன்னி படித்துக்கொண்டிருந்த புத்தகம் ஒன்றைப் பொழுதுபோகாமல் புரட்டினேன். திருமலை கிருஷ்ணமாசார்யரின் வாழ்க்கை வரலாறு அது. அவருக்கு 96-வது வயதில் இடுப்பெலும்பு முறிந்தது என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணை எடுக்க முடியவில்லை. அன்று இரவே முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பாலப் பருவமும் படிப்பும்

கிருஷ்ணமாசார்யர் 1888-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி, அந்நாளைய மைசூர் சமஸ்தானத்தில், சித்ரதுர்கா ஜில்லாவைச் சேர்ந்த முசுகுந்தபுரத்தில் பிறந்தார். வைஷ்ணவக் குடும்பம். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்துக் கொடுத்த நாதமுனிகளின் பரம்பரை என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். தகப்பனார் ஸ்ரீனிவாச தாதாசார்யர் வேதம் சொல்லிக் கொடுப்பவர். பிள்ளைக்கு சமஸ்கிருதத்தோடு ஆசனங்களையும் அவரே ஆரம்பித்து வைத்தார். ஆனால் பிள்ளைக்குப் பத்து வயதாக இருக்கும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பரகால மடத்தில் அவருடைய படிப்பு தொடர்ந்தது.

பதினெட்டு வயதில் காசிக்குப் போனார். வியாகரணம், தர்க்கம், வேதாந்தம் என்று பல வருஷங்கள் வடக்கேயும் தெற்கேயுமாகப் படித்தார். பிறகு இமயமலையைத் தாண்டி மானஸரோவர் பக்கம் போய், ராமமோஹன பிரம்மசாரி என்ற குருவிடம் ஏழரை வருஷம் யோகம் பயின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். குரு தட்சிணையாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, கிருஹஸ்தனாக இருந்து யோகத்தைச் சொல்லிக் கொடு என்று குரு கட்டளையிட்டாராம். காவி கட்டச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குடும்பம், குழந்தை, கடன் என்று நம்மைப் போலவே இருந்துகொண்டு செய் என்றார்.

அப்படியே 1925-ல் நாமகிரியம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள், மூன்று பெண்கள். ஆரம்பத்தில் வறுமைதான். யோகத்துக்குப் பணம் கொடுத்துக் கற்றுக்கொள்ள அந்தக் காலத்தில் யாரும் இல்லை. இத்தனை சாஸ்திரம் படித்தவர் குடும்பம் நடத்துவதற்காக ஒரு காபித் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் உத்தியோகம் பார்த்தார். நாம் கையில் டம்ளரும் டவராவுமாக உட்கார்ந்து குடிக்கிற காபிக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை.

மைசூர் அரண்மனையில்

அவருடைய பிரசங்கங்களும் ஆசன விளக்கங்களும் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் காதுக்கு எட்டின. 1931-ல் மைசூர் சமஸ்கிருத பாடசாலையில் வேலை கிடைத்தது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறக்கப்பட்டது. மகாராஜாவே மாணவர். அடுத்த வருஷம் யோக மகரந்தம் என்ற அவருடைய கன்னடப் புத்தகம் வெளிவந்தது.

யோகசாலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அரச குடும்பத்துப் பையன்கள். துள்ளுகிற வயது. அவர்களுக்குத் தகுந்தபடி ஒரு ஆசனத்திலிருந்து மற்றொன்றுக்கு மூச்சோடு சேர்ந்து தாவும்படியான வேகமான முறையை அமைத்தார். மிகவும் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பில் உருவானவர்கள் இருவர் உலகப் புகழ் பெற்றார்கள். ஒருவர் பட்டாபி ஜோயிஸ். மற்றவர் நாமகிரியம்மாளின் தம்பியான பி.கே.எஸ். ஐயங்கார்.

ஐயங்காரை மும்பைக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சின்ன வயதில் ஒன்று மாற்றி ஒன்று வந்து, அதிக நாள் தாங்க மாட்டார் என்று நினைக்கப்பட்ட பையன். 1934-ல் மைசூரில் அக்கா அகத்துக்கு வந்தார். மூன்று வருஷம் கழித்து ஆசிரியராகப் புனாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டார். வயலின் மேதை யெஹுதி மெனுஹின் 1952-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஐயங்காரைச் சந்தித்தது நம் பம்பாயில்தான். அந்தச் சந்திப்பிலிருந்துதான் மேல்நாடுகளுக்கு அவருக்கு வழி திறந்தது. நோஞ்சானாக இருந்த அந்தப் பையன் 2014-ல் காலமானபோது வயது 95.

பெண்மணிகளுக்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. 1938-ல் மைசூரில் எடுத்த ஒரு மௌனப் படம் இன்றைக்கும் இருக்கிறது. அதில் கிருஷ்ணமாசார்யரோடும் ஐயங்காரோடும் அகத்துப் பெண்களும் ஆசனம் போடுகிறார்கள். மடிசார் கட்டிக்கொண்டு சமையலறையே கதி என்றிருந்த காலம் அது. அதே சமயத்தில்தான் பின்னாளில் இந்திரா தேவி என்று பெயர் பெற்ற வெளிநாட்டுப் பெண்மணியும் அவரிடம் வந்தார். முதலில் மறுத்தார். பிறகு மகாராஜாவின் வார்த்தைக்காகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய சிரத்தையைப் பார்த்த பிறகு, போய் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடு என்று அவரே ஊக்கப்படுத்தினார். இந்திரா தேவி 2002 வரை, 102 வயது வாழ்ந்தார்.

நாடி நின்ற அதிசயம்

கிருஷ்ணமாசார்யரைப் பற்றிப் பேசினாலே, அவர் நாடியை நிறுத்துவார் என்ற பேச்சு வரும். 1935-ல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய டாக்டர் கருவிகளோடு இந்தியாவுக்கு வந்து அவரைப் பரிசோதித்ததும் உண்மை. ஆனால் பிற்பாடு வேறு விஞ்ஞானிகள் இந்தியாவிலேயே சிலரைச் சோதனை செய்து 1961-ல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைகிறது. அதனால் மணிக்கட்டில் நாடி தெரியாமல் போகிறது. இதயம் நிற்பதில்லை.

இதை அவருடைய பெருமையைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. நாமெல்லாம் இப்படிப்பட்ட அதிசயங்களைக் கேட்டுவிட்டுக் கையைக் கூப்பி, அவரெல்லாம் மகான், நமக்கு எங்கே வரும் என்று நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம். அதிசயம் நமக்கு நல்ல சாக்காகப் போய்விடுகிறது. அவரை நூறு வயது வரை கொண்டுபோனது எது என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அறுபத்து நாலு வயதில் புது வாழ்க்கை

1940-ல் மகாராஜா காலமானார். ஆதரவு குறைந்துகொண்டே வந்து, 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. சஷ்டியப்தபூர்த்தி வயதைத் தாண்டிய மனிதருக்கு வேலை போய்விட்டது. நம்மில் பலருக்கு ரிடையரானதும் ஒரு வெறுமை வருகிறதே, அதற்கு மேலே அவருக்குப் பணக் கஷ்டமும் இருந்தது.

பக்கவாதம் வந்த ஒரு சட்ட நிபுணருக்கு உதவுவதற்காக அழைப்பு வந்து, 1952-ல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். இதற்குப் பிறகுதான், என் அபிப்பிராயத்தில், அவருடைய உண்மையான பெரிய வேலை தொடங்கியது. இப்போது அவரிடம் வந்தவர்கள் துள்ளுகிற பையன்கள் இல்லை. பக்கவாதக்காரர், நீரிழிவுக்காரர், ஆஸ்துமாக்காரர், முதுகு வளைந்த குமாஸ்தா, தூக்கமில்லாத குடும்பத் தலைவி. மைசூர் முறையை இவர்கள் மேல் திணித்தால் என்ன ஆகும்?

அவர் முறையை மாற்றினார். கூட்டமாகச் சொல்லிக் கொடுக்காமல் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார். நாடி பிடித்துப் பார்ப்பார். வயது, உத்தியோகம், சாப்பாடு, தூக்கம், மனக்கவலை எல்லாவற்றையும் விசாரிப்பார். தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி, நிற்க முடியாதவருக்குப் படுக்கை. கையைத் தூக்கும்போது மூச்சை உள்ளே இழு, இறக்கும்போது வெளியே விடு என்ற அளவில்கூட ஒருவருக்குப் பயிற்சி இருக்கும். ஆசனத்துக்காக மனிதனை வளைக்காமல் மனிதனுக்காக ஆசனத்தை வளைத்தார். எல்லோருக்கும் பொதுவாக அவர் வைத்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கொஞ்சமாக இருந்தாலும் தினமும் செய்ய வேண்டும்.

அவர் தனக்கும் அதே விதியைத்தான் வைத்துக்கொண்டார். விடியுமுன் எழுந்து ஆசனம், பிராணாயாமம், பூஜை. வயது ஏற ஏற ஆசனங்களைக் குறைத்துக்கொண்டு பிராணாயாமத்தையும் ஜபத்தையும் கூட்டிக்கொண்டார். விடவில்லை. என்ஜினீயராகப் படித்து முடித்திருந்த மகன் தேசிகாச்சார், தகப்பனாரின் சிகிச்சையால் மனிதர்கள் குணமடைவதைக் கண்டு, 1960-களில் உத்தியோகத்தை விட்டுவிட்டு அவரிடமே சிஷ்யரானார். 1976-ல் தகப்பனார் பெயரால் கிருஷ்ணமாசார்ய யோக மந்திரத்தைச் சென்னையில் நிறுவினார்.

96-வது வயதில்

இப்போது நான் கண்ணை எடுக்க முடியாமல் நின்ற இடத்துக்கு வருகிறேன். 96-வது வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து யாரும் அவரைப் பின்பற்ற வேண்டாம். இன்றைக்கு இடுப்பு முறிவுக்குச் சீக்கிரமாக ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுப்பி உட்கார வைப்பதுதான் நல்ல வழி என்று மருத்துவ உலகம் அனுபவத்தில் கண்டிருக்கிறது. நான் பார்ப்பது அதற்கடுத்ததை. படுக்கையில் கிடந்தபடியே தன்னால் எதையெல்லாம் அசைக்க முடியும் என்று யோசித்து, தனக்கென்று ஒரு பயிற்சி வரிசையை அவரே வகுத்துக்கொண்டார். தினமும் செய்தார். பலருக்கும் வகுத்துக் கொடுத்தவர், கடைசியில் தனக்கே ஒரு நோயாளிக்கு வகுப்பதுபோல் வகுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் இருந்தார். பாடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1988-ல் அவருடைய நூறாவது பிறந்த நாளைச் சிஷ்யர்கள் கொண்டாடினார்கள். 1989-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி சென்னையில் காலமானார்.

இதைப் படித்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். பூஜை அலமாரியில் இருந்த அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. அதில் இருந்த படங்களும் ஏறக்குறைய இவைதானே. பாதத்தை மேலும் கீழும் அசை, முழங்காலை மடக்கி நீட்டு, மூச்சை இழுத்து விடு. 96 வயதில் ஒருவர் தனக்குத்தானே செய்துகொண்டதை, 79 வயதில் அம்மாவைச் செய்ய வைக்க எனக்கு மனோதிடம் இல்லாமல் போயிற்று.

ஒருவர் போதுமா சாட்சிக்கு?

என் அகத்துக்காரர் கணக்குத் துறையில் இருந்தவர். எதற்கும் ஆதாரம் கேட்பார். ஒருவர் நூறு வயது இருந்தார் என்பதால் என்ன நிரூபணம் ஆகிவிட்டது, தினமும் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே தொண்ணூறைத் தாண்டிய தாத்தாக்கள் நம் கிராமத்தில் இல்லையா என்றார். நியாயமான கேள்விதான். பல பேரைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்படிப் பார்த்தவர் ஜெரி மாரிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். மும்பையில் 2023 வரை ஓடிய பழைய சிவப்பு மாடி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் நாள் பூரா உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். லண்டனிலும் இதே மாடி பஸ்கள்தான். அங்கே ஒரு கண்டக்டர் ஒரு நாளைக்குச் சுமார் 600 படி ஏறினார். போக்குவரத்து ஊழியர்கள் 31,000 பேரின் கணக்கைப் பார்த்து, கண்டக்டர்களுக்கு டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவு, வந்தாலும் உடனே உயிர் போவது ஏறக்குறைய பாதிதான் என்று 1953-ல் மாரிஸ் எழுதினார். நேர்மையான மனிதர். டிரைவர்களுக்கு முதலிலேயே உடம்பு பெருத்திருந்தால்? அந்தச் சந்தேகம் வந்து, அவர்களுடைய யூனிபாரத்தின் இடுப்பளவைக்கூடப் பார்த்தார். டிரைவர்களுடைய அளவு பெரிதாகத்தான் இருந்தது என்று 1956-ல் அதையும் வெளியிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவரும் மற்றவர்களும் பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகள் மூல விஷயத்தை உறுதிப்படுத்தின. உடம்பை அசைக்கிறவர்களுக்கு இதய நோய் குறைவு. மாரிஸ் தானும் நீச்சல், நடை என்று விடாமல் செய்து, 2009-ல் 99 வயதில் காலமானார்.

நம்மவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்டால், சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினமும் நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. அதாவது நூறு பேரில் பதினாறு பேர் தப்பினார்கள். எல்லோரும் தப்பவில்லை. ஆனால் அந்தப் பதினாறில் நீங்களோ நானோ இருக்கலாம் அல்லவா?

காரணமும் எளிதுதான். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்கள் இளகுகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது. எலும்பின் மேல் பாரம் விழுந்தால் எலும்பு கெட்டிப்படுகிறது. காலில் பலமும் நிதானமும் இருந்தால் குளியலறையில் சறுக்கினாலும் சமாளித்து நிற்கலாம். மாறாக, வயதானவர்கள் சில வாரம் படுத்தாலே தசை கரைந்துவிடுகிறது. இதை நான் கண்ணால் பார்த்தவள்.

108 படி

சென்னையிலிருந்து திரும்பியபோது எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. நாள் பூரா அகத்து வேலைதானே செய்கிறேன், தனியாக என்ன உடற்பயிற்சி என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அகத்து வேலையும் உடலுழைப்புதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் வேலையில் பாதி, அடுப்பங்கரையில் நின்ற இடத்திலேயே நிற்பது. அதில் மூச்சும் வாங்காது, காலுக்குப் பலமும் வராது.

செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கு 108 படி என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது முருகனைவிட மின்விசிறியைத்தான் முதலில் தேடினேன். கிருஷ்ணமாசார்யரை நினைத்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவுதான், ஆனால் தினமும் என்று வைத்துக்கொண்டேன். நாலு மாதத்தில் நிற்காமல் ஏற முடிந்தது. மாரிஸ் கணக்கைச் சொன்னதும் என் அகத்துக்காரர் மனத்துக்குள் வகுத்துப் பார்த்து, லண்டன் கண்டக்டர் தினமும் ஐந்தரை தடவை முருகனைத் தரிசித்தாராக்கும் என்றார். அடுத்த வாரம் அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்குச் சர்க்கரை முற்றிலும் விலகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அறுபத்தி ஐந்து வயதில் வந்தேவிட்டது. ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். பத்து வருஷம் அதைத் தள்ளிப் போட்டேன் என்பதே எனக்குப் பெரிய லாபம். முழங்கால் வலி வந்த வருஷம், டாக்டரைக் கேட்டுவிட்டுப் படியை நிறுத்திச் சமதளத்தில் நடந்தேன். நடையை நிறுத்தவில்லை. முறையை மாற்றிக்கொள்ளலாம், வழக்கத்தை விடக்கூடாது என்பதுதானே அந்தப் பெரியவர் காட்டிய வழி.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடை. இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தருகிற பயிற்சி. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கீழே விழாமலிருக்க, வாரத்தில் மூன்று நாள் நிதானத்துக்கான பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருவதும், சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் போதும், ஆரம்பிக்க. மாதுங்காக்காரர்களுக்கு ஐந்து தோட்டம் இருக்கிறது. தாராவியில் சந்துக்குள் நடக்க இடமில்லாவிட்டாலும் ஒரு நாற்காலி போட இடம் இருக்கும். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அகத்தில் வயதானவர்கள் இருந்தால், காபியைப் படுக்கைக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேஜை வரை நடத்திக் கூட்டிவந்து கொடுங்கள். பத்து நிமிஷம் ஆகட்டும். வலிக்கிறது என்று கோபித்துக்கொள்ளட்டும். பார்க்கிறவர்கள் கல்மனசு மாட்டுப்பெண் என்று சொன்னால் சொல்லட்டும். நான் அப்படிப் பெயர் வாங்கியிருந்தால் அம்மா இன்னும் சில வருஷம் இருந்திருப்பார்.

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது பூஜை அலமாரியில் இல்லை. சமையலறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் ஆரோக்கியத்தோடும் தீர்க்காயுசோடும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.